ஒரு சத்தம் குடுங்க

மலையடிவாரத்துச் சிற்றூரின் வானொலி நிலையத்துக்கு எட்டு மாதமாக ஒரு கடிதம்கூட வரவில்லை. கேட்க ஆளில்லை, மூடிவிடுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. கடைசி நாள் காலையில் அறிவிப்பாளர் சுகிர்தம், எழுதி வைத்திருந்த விடைபெறும் உரையை மடித்துவிட்டு மைக்கில் சொன்னாள்: "யாராச்சும் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு சத்தம் குடுங்க. எனக்கு அது போதும்."

வெக்கைக்குத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியே ஒரு பேருந்தின் ஹாரன் கேட்டது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்து அரிசி ஆலையின் சங்கு ஊதியது. பிறகு சைக்கிள் மணிகள், யாரோ தட்டிய பாத்திரம்.

"அக்கா, கேக்குதா?" என்று எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் கூவினார்.

"கேக்குதுண்ணே, நல்லாக் கேக்குது." மைக்கைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே ஊரை நோக்கி இரண்டு கைகளாலும் நீட்டிப் பிடித்தாள்.