பிரிண்டர் எடுக்காது

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்ற சங்கதி இல்லை. ரஷீதா வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டாள்னு ஒரு பேச்சு ஓடுச்சே, அது.

புத்தூரில் அவள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அதுதான் அவள் தொழில். டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள், காலேஜ் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் எல்லாம் டைப் அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். ஒன்பது வருசத்து மிஷின். அது படுத்துகிற பாடு தாங்காமல், வாங்கின கடைக்கே போய்க் கேட்டாள்.

"பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாது தங்கச்சி. புது விண்டோஸ் உங்க மிஷின்ல ஏறாது," என்றார் கடைக்கார ஆரிஃப். "எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க."

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்காமேண்ணே. சும்மாவே கிடைக்குமாம். பக்கத்து வீட்டு ஜாஸ்லின் சொல்லுச்சு."

"சும்மா கிடைக்கறதைத் தூக்கிட்டு வந்தா சுமையாத்தான் முடியும். அதெல்லாம் வீட்டுக்கு ஒத்துவராது."

வீட்டுக்காரர் அப்துல் மாலிக் பாடியது வேறு பாட்டு. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர்.

"அதுவும் வேணாம், இதுவும் வேணாம். இந்தக் கடையைச் சாத்திட்டு நிம்மதியா இரு."

சாத்துகிற ஆளா அவள்?

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்கு லால்குடி கிளம்பினார். அவர் செருப்பு வாசலைத் தாண்டியதும் ஜாஸ்லின் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடு உள்ளே வந்தாள்.

"முதல்ல உங்க ஃபைலையெல்லாம் தனியா எடுத்து வெச்சுக்கலாம்க்கா."

எடுத்து வைத்தார்கள். பென்டிரைவைச் செருகி மிஷினை எழுப்பினார்கள். திரை கறுத்தது. ரஷீதாவின் முகமும் கறுத்தது.

"போச்சா?"

"பொறுங்கக்கா. பிரசவம் மாதிரிதான் இதுவும்."

நடுவில் பளிச்சென்று ஒரு பச்சை வட்டம் வந்தது. அப்புறம் எந்த மொழி வேண்டும் என்று ஒரு பட்டியல். ரஷீதா உருட்டிக்கொண்டே போனவள் விரலை எடுத்துவிட்டாள்.

"ஏ ஜாஸ்லின். தமிழ்னு போட்டிருக்குடி."

"அப்ப அதையே அமுக்குங்க."

பிஸ்மில்லா சொல்லி அமுக்கினாள். ஒன்பது வருசமாக இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்த மிஷின், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளோடு தமிழில் பேசியது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முன்னெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டுப் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரலாம். இப்போது தட்டின கை திரும்புவதற்குள் திரை தயாராக நின்றது.

"இது நம்ம மிஷின்தானா, நீ உங்க வீட்டுதை மாத்தி வெச்சுட்டியா?" என்று பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள் ரஷீதா.

அந்தச் சூட்டோடு டியூஷன் சென்டர் கேள்வித்தாளை அடித்து முடித்தாள். பிரிண்ட் கொடுத்தாள்.

பிரிண்டர் கம்மென்று இருந்தது.

ஜாஸ்லினும் முட்டி மோதிப் பார்த்தாள். ஊஹூம். வெளியில் எங்காவது பிரிண்ட் எடுத்துக் கொடுத்து இந்தத் தடவை தப்பிக்கலாம். அடுத்த தடவை?

கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பிய அப்துல் மாலிக் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"அழுகின வெங்காயத்தைப் புதுச் சாக்குல கட்டினா நாத்தம் போயிடுமா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். பேப்பர் வரலைன்னா எடைக்காரனை வரச்சொல்லிடுவேன்."

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள் ரஷீதா. ஆரிஃப் மேசையிலும் அதே பிரிண்டர், அதே கம்பெனி, அதே நம்பர்.

"இந்த பிரிண்டரை லினக்ஸ்ல எடுக்க வைக்கறது எப்படிண்ணே?"

"அடப்பாவமே, போட்டே போட்டுட்டீங்களா?" ஆரிஃப் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எடுக்காது தங்கச்சி. தலைகீழா நின்னாலும் லினக்ஸ்ல இந்த பிரிண்டர் எடுக்காது."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்டு போனது. கடை யுபிஎஸ் இரண்டு தடவை விக்கிவிட்டு அதுவும் அடங்கியது.

"ஊருக்கெல்லாம் பேட்டரி மாத்தறீங்க, உங்களுதை மாத்தலையா?"

"எங்கே நேரம் இருக்கு?"

பத்து நிமிசத்தில் கரண்டு வந்தது. ஆரிஃப் தன் கம்ப்யூட்டரைப் போட்டார். ரஷீதா நின்ற இடத்துக்கு அதன் முதுகுதான் தெரியும். அவள் ஆரிஃபுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள்.

"சரிண்ணே, உங்க வழிக்கே வர்றேன். புது மிஷினுக்கு ஒரு கொட்டேஷன் போட்டுக் குடுங்க."

ஆரிஃபுக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் விவரமா பேசறீங்க."

தட்டினார். பிரிண்டர் கடகடவென்று ஒரு தாளைத் துப்பியது.

"எழுத்து நல்லா பளிச்சுன்னு விழுதுண்ணே."

"பின்ன, நம்ம கடையாச்சே."

ரஷீதா தாளை வாங்கினாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வெள்ளையாக இருந்த பின்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, அவர் முன்னாலேயே வைத்தாள்.

"உங்க மிஷின் முழிச்சுக்கிட்டப்பவே அதே பச்சை வட்டத்தை அலமாரிக் கண்ணாடியில பாத்துட்டேண்ணே. லினக்ஸ்ல எடுக்காத பிரிண்டர், உங்க லினக்ஸ்ல மட்டும் எப்படி எடுக்குதுன்னு இதுல எழுதிக் குடுங்க," என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.