தலை நுழையாத குல்லா

குறைமாதத்தில் பிறந்த மகளுக்காகத் தான் பின்னிய குல்லாவை ஜெசிந்தா படமெடுத்துப் போட்டதுதான் தாமதம், செல்போன் செயலியின் கைவேலைக் குழுவில் பாராட்டு கொட்டியது. "சூப்பர் சிஸ்டர்!" "தங்கக் கை!" அவள் கேட்டதோ வேறு. விளிம்பு இறுக்கமா? தலையை அழுத்துமா? கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையைத் தொட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் இன்னும் விடவில்லை. நாளைக்குத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

"அதுல மனுஷங்க யாராச்சும் இருக்காங்களான்னு மொதல்ல பாரு," என்றான் கணவன் ரொசாரியோ.

வீம்புக்கு இன்னொரு குல்லா பின்னினாள். தலை நுழையும் வாயையும் சேர்த்துப் பின்னி, பந்து மாதிரி மூடிவிட்டாள். அந்தப் படத்தையும் போட்டாள்.

"அழகோ அழகு! பாப்பாவுக்கு எடுப்பா இருக்கும்!"

ஜெசிந்தா பதில்களை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். யாராவது, ஒரே ஒருத்தராவது...

அப்போது நாகம்மை என்ற பெயரில் ஒரு பதில் வந்தது. "ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? இதுல தலை எப்படி நுழையும்? நீ மொதல்ல போட்டதும் இறுக்கம்தான். பிரிச்சுட்டு மறுபடி பின்னு."

ஜெசிந்தா அழுதேவிட்டாள். "மனுஷி இருக்காங்கங்க! என்னைத் திட்டுறாங்க!" என்று கூவிக்கொண்டே முதல் குல்லாவைக் கடைசி முடிச்சுவரை பிரித்துப் போட்டாள். நூல் மடியில் சுருண்டு கிடந்தது.

"அக்கா, இப்ப எத்தனை கண்ணி போடட்டும்?"

பதில் உடனே வந்தது.

"பாராட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அறிந்தோம். எங்கள் செயலி உங்களுக்காகவே உருவாக்கிய திட்டும் தோழி நாகம்மை எப்படி இருக்கிறார்? ஐந்து நட்சத்திரம் தாருங்கள்!"