தெருவெல்லாம் ஒரே கொய்யா

மகள் ஜெசிந்தா எட்டு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் நட்ட கொய்யாமரம்தான் சவரிமுத்துவுக்கு மிச்சம். அதன் இலைகளை, மரங்களை நகலெடுத்து வேகமாக வளர்த்துத் தரும் பண்ணையில் கொடுத்து, அச்சு அசலாக அதே மரத்தை வளர்த்து வாங்கி, தெருவில் வீட்டுக்கு ஒன்றாக நட்டார். மூன்றே மாதத்தில் எல்லாம் காய்த்தன. பிள்ளைகள் ஏறும்போது அவருக்கு மகள் ஏறுவது போலவே இருக்கும்.

முதல் மரத்தில் மாவுப்பூச்சி இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதிலேயே வாழ்ந்து, அந்த ஒரு மரத்துக்கென்றே மாறிப்போன பூச்சி. வேறு கொய்யாவில் விட்டால் செத்துவிடும். நகல் மரங்களிலோ அது செழித்தது. கடைசி வீட்டு மரம் தவிர, தெருவே வெளுத்துக் காய்ந்தது.

“இப்படிப் பெருகினா நாளைக்குத் தோப்புக் கொய்யாவுக்கும் பழகிடும். ஒண்ணு விடாம வெட்டணும்” என்றார் வேளாண் அதிகாரி.

சவரிமுத்து தானே வெட்டினார். கடைசி வீட்டில் இசக்கியம்மாள் குறுக்கே நின்றாள்.

“இதாவது நிக்கட்டும் அண்ணாச்சி. இதுல ஒரு பூச்சிகூட இல்லயே.”

“வந்துரும்மா. அதுக்கு எல்லாமே ஒரே மரந்தான். எனக்கும் அப்படித்தான்.”

ரம்பத்தை வைத்தவருக்குக் கை ஓடவில்லை. இசக்கியம்மாள் எதிரில் உட்கார்ந்து, மறுமுனையைப் பிடித்து இழுத்தாள்.