மாடியில டெஸ்ட் நடக்குது

"இன்னாங்க, ஞாயித்துக்கெழம பூ வைக்க வர்றவங்கள கொட பிடிச்சிகினு ஒக்கார சொல்லலாமா?"

விஜயகுமாரி சோபாவை ஓரமாகத் தள்ளி, ஹால் நடுவே வாளி வைத்திருந்தாள். வாளி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, கூரை இன்னும் டொக் டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கணவர் ராஜாராம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடிக்கு எந்த வாட்டர் புரூஃபிங் நல்லது என்பதுதான் இப்போது அவருடைய ஆராய்ச்சி.

"அவசரப்படாத விஜயா. ஒருத்தன் கெமிக்கல் பூசுங்கறான், ஒருத்தன் தார் ஷீட் ஒட்டுங்கறான், இன்னொருத்தன் சுண்ணாம்பு ஜல்லிதான் பெஸ்ட்டுங்கறான். டெஸ்ட் பண்ணாம எத நம்பறது? அதான் மாடியில டெஸ்ட் நடந்துகினு கீதே."

"ஆடியில இருந்து ஆராய்ச்சி பண்றீங்க! நெம்மேலியில கடல் தண்ணியவே குடிதண்ணியா மாத்தி மெட்ராசுக்கு அனுப்பறான். உங்களால இந்த ஒரு சொட்ட நிறுத்த முடியல!"

எல்லாம் செங்கல்பட்டில் இருக்கும் அவள் தம்பி வீட்டால் வந்த வினை. போன வருஷ மழையில் அந்த வீடு ஒழுகியது. 'நம்ம வூடும் ஒழுகும், முன்கூட்டியே பண்ணிடணும்' என்று ராஜாராம் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் சொன்னபடியே ஐப்பசியில் ஹால் ஒழுக ஆரம்பித்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று பரிசு வாங்கியவர் போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விஜயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வரவழைத்த கான்ட்ராக்டர் மோசஸை அவர் மாடிப்படி ஏறவே விடவில்லை. "டெஸ்ட் கெட்டுடும்" என்று கேட்டிலேயே நிற்க வைத்து, குறுக்கு விசாரணை செய்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மோசஸ் இவர்கள் போனை எடுப்பதே இல்லை. தானே போய்ப் பார்க்கலாம் என்றால், விஜயகுமாரிக்கு முழங்கால் வலி. மாடி ஏறி மாதக்கணக்காகிறது.

"மழ நின்னு பத்து நாளாச்சேப்பா. இன்னும் எப்பிடி சொட்டுது?" என்றாள் மகள் கீர்த்தனா. பூ வைக்கப்போவது அவளுக்குத்தான்.

"கான்கிரீட் குடிச்ச தண்ணிய மெதுவாத்தான் விடும்மா. அதுக்கு சயின்ஸ்ல..."

"சயின்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" விஜயகுமாரி வெடித்தாள். "இப்பவே ஒண்ண முடிவு பண்ணுங்க. இல்லாட்டி விசேஷத்த என் தம்பி வூட்ல வெச்சிக்கறேன். அவன் ஒரே வாரத்துல கொத்தனார கூப்ட்டு மாடிய சரி பண்ணிட்டான். நீங்க உங்க டெஸ்ட்ட கட்டிகினு இங்கியே கெடங்க!"

ராஜாராமுக்குச் சுருக்கென்றது. மகள் விசேஷம் மச்சினன் வீட்டிலா?

"சரி, முடிவு பண்ணிட்டேன். மூணாம் நம்பர். நாளைக்கே ஆள வரச் சொல்றேன். அதுலதான் பொட்டுத் தண்ணி எறங்கல."

"எதுல எறங்கல? அப்பிடி இன்னாதாங்க பண்றீங்க மேல?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல ராஜாராமின் முகம் மலர்ந்தது.

"மாடித் தரையில பதிச்சிருந்த தட்டு ஓட்ட ஏழு எடத்துல பேத்து எடுத்தேன். கழனியில கட்ற மாதிரி ஏழு பாத்தி கட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பெனி சரக்க பூசி, தண்ணி தேக்கி வெச்சிருக்கேன். எதுல தண்ணி கொறயலையோ அதான் பெஸ்ட்டு. இந்த ஹாலுக்கு மேல இருக்கற அஞ்சாம் நம்பர்தான் பேஜாரா கீது. ஐப்பசியில இருந்து தெனம் காலையில ஒரு வாளி ஊத்தறேன், சாயங்காலத்துக்குள்ள காலியாயிடுது. அந்தத் தண்ணி எங்கதான் போவுதோ!"

விஜயகுமாரி ஹால் நடுவே நிரம்பியிருந்த வாளியைத் தூக்கி வந்து அவர் காலடியில் ணங்கென்று வைத்தாள்.

"இந்தாங்க. நாளைக்கு ஊத்தறதுக்கு."