கச்சா லிம்பு

பெல்ட் பட்டறையில் பகலெல்லாம் நின்று வேலை பார்த்த சஃபீனா, தாராவிச் சந்தில் தன் வீட்டுப் படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. தகரக் கூரைகளின் இடுக்கில் மிச்சமிருக்கும் வெயிலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடும் அவள் மகள் அஃப்ஷா எப்போதும் 'கச்சா லிம்பு'தான். கூட ஓடலாம், ஆனால் யாரும் பிடிக்கமாட்டார்கள், பிடித்தாலும் கணக்கில்லை. இன்று பக்கத்து வீட்டு சைனப் துரத்தி வந்து அவள் முதுகில் ஓங்கித் தட்டுகிறாள். "அவுட்டு! இனி நீதாம்ளா பிடிக்கணும்!" சஃபீனாவுக்குத் திக்கென்கிறது, எழுந்திருக்க உடம்பு வரவில்லை. மகளின் முகமோ பூரித்துப்போகிறது. "உம்மா, நானும் அவுட்டாயிட்டேன்!" என்று சந்தே கேட்கக் கத்திவிட்டுப் பிள்ளைகளைத் துரத்துகிறாள். சஃபீனா சுவரில் தலை சாய்த்துக் கண்களை மூடிக்கொள்கிறாள்.