டாக்டர் வைத்த பொறி

“நோயாளியின் ரகசியம் கருவறைக்குச் சமம். அதற்குள் வைத்தியனைத் தவிர வேறு யாரும் நுழையக் கூடாது!”

இதைச் சொல்லிவிட்டு டாக்டர் முரளீதரன் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டார். எதிரே நர்ஸ் கிரேஸ் கைகட்டி நின்றாள்.

வாசகம் அவருடைய சொந்தச் சரக்கு. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் நடத்தும் ஆஸ்பத்திரியின் ஹாலில், டிவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வைத்தியம் நடக்கும் இடத்தில் டிவி கௌரவக் குறைச்சல் என்பது அவர் கட்சி. ஆனால் சட்டத்தை மாட்டிய வாரத்திலிருந்துதான் கருவறைக் கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது.

முதலில், தாமல் சிட்டிபாபுவின் வயிற்றுப் பூச்சி ஊருக்குத் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்தது செவிலிமேடு கமலின் சொறி. பெண் வீட்டார் பட்டுக்கடையில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோதே செய்தி போய்ச் சேர்ந்தது. பிரித்த புடவையைக் கடைக்காரர் மடிப்பதற்குள் கல்யாணம் நின்றுவிட்டது.

“கமல் வக்கீலைப் பார்த்தாச்சாம். கேஸ் போடப் போறான்” என்றார் டாக்டர். “நோயாளி விஷயத்தை வெளிய விடறது சட்டப்படி குத்தம், தெரியுமோல்லியோ? அந்த ரூம்ல என்னோட இருக்கறது நீ ஒருத்திதான். நான் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினா உன் ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் உன்னைச் சேத்துக்காது.”

“நான் யாருகிட்டயும் சொல்லலை டாக்டர்.”

“பாத்தியா, குரலே வெளிய வரலை! தப்பு பண்ணினவாளுக்குக் குரல் இப்படித்தான் உள்ள போயிடும்.”

கிரேஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: “அந்த டிவியைத் திரும்ப மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும் டாக்டர்.”

“டிவியா? வேலையே போகப் போறது, உனக்கு சீரியல் கேக்கறதா?”

கிரேஸ் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

உண்மையில் டாக்டருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இவள் எப்படிச் சொல்கிறாள்? செல்போனைக் காலையிலேயே வாங்கி வைத்துப் பார்த்தார். செய்தி போனது. இவளைக் கண்காணிக்கச் சொல்லி வாட்ச்மேன் லோகேஸ்வரனை ஏவிப் பார்த்தார். “அது யாருகிட்டயும் பேசலை சார். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கினு நேரா பஸ் ஏறிடுது” என்று அவன் வந்து சொன்னான். அன்றும் ஒரு செய்தி போனது. மயிலிறகால் தடவியது மாதிரி, விரல் தடமே இல்லாத குற்றம். குற்றவாளியின் மேல் அவருக்கு ஒரு மரியாதைகூட வந்துவிட்டது.

கடைசியில் அவர் ஒரு பொறி வைத்தார். ஒரு பொய். அதை கிரேஸிடம் மட்டும் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் ஆள் அகப்பட்டாள்.

கதவைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்து விட்டார். ரகசியத்துக்கு மரியாதையாக மின்விசிறியைக்கூட நிறுத்தினார். அறை நிசப்தமானது. கிரேஸின் செல்போனை அவள் முன்னால் மேசைமேல் வைத்தார். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

“உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு மூலம். உக்கார முடியலை. திங்கட்கிழமை சென்னைல ஆபரேஷன். என் ஆத்துக்காரி அம்ருதவல்லிக்குக்கூடத் தெரியாது.”

கிரேஸ் கதவைப் பார்த்தாள். “அய்யோ டாக்டர்...”

“பதறாதே. நீ இங்கயே இரு. நான் ஹால்ல ஒரு சுத்து சுத்திட்டு வரேன்.”

அவள் போனை எடுக்கட்டும், பத்து நிமிஷம் கழித்துத் திடீரென்று உள்ளே நுழையலாம் என்பது திட்டம். மனத்துக்குள் கைதட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஹாலில் டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்தார்கள். ஒருவர் தன் நாற்காலியிலிருந்து மெத்தையை எடுத்து, பயபக்தியோடு அவரிடம் நீட்டினார். மூலையில் லோகேஸ்வரன், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு அடியில் வைக்கும் ரப்பர் வளையத்தை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான்.

டாக்டர் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தார். கிரேஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். போன் வைத்த இடத்திலேயே இருந்தது.

“யார்? யார் சொன்னது உங்களுக்கெல்லாம்?” என்று முழங்கினார்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காய்ச்சலுக்கு வந்திருந்த கங்கையம்மாள் போர்வையை விலக்கினாள்.

“நீதாம்பா சொன்னே. நீ உள்ள பேசிக்கினு இருந்தா ஆட்டோ ஸ்டாண்டு வரிக்கும் கேக்குது. இப்ப டிவி சத்தமும் இல்ல. எங்களுக்கு இன்னா, காதைப் பொத்திக்கினா குந்தியிருக்க முடியும்?”

ஹாலே தலையாட்டியது. டாக்டர் அவள் உதடுகளை உற்றுப் பார்த்தார். பிறகு கிரேஸ் பக்கம் திரும்பினார்.

“அந்த அம்மா என்னம்மா சொல்றா?”

கிரேஸ் ஒருமுறை சொன்னாள், கங்கையம்மாள் இன்னொருமுறை சொன்னாள். லோகேஸ்வரன் வளையத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து காதுக்குள் கத்தியபோதுதான் டாக்டருக்குக் கேட்டது.