பக்கம் திருப்ப ஓர் ஆள்

"ஒன்பது பாட்டுக்கு என் பொண்ணோட குரல் வேணும். பத்தாவது பாட்டுக்கு மட்டும் அவ பியானோ பக்கத்துல நின்னு பக்கம் திருப்பணுமா?"

ஷோஷனா ஸெல்னிக் கோபப்பட்டால் முன்னுரை எல்லாம் கிடையாது. பாட்டு டீச்சர் ஹாட்லி பதறவில்லை.

எங்கள் ஒஹாயோ ஊரின் அரசுப் பள்ளியில், டிசம்பர் கச்சேரியின் கடைசிப் பாட்டு இயேசு பிறப்பைப் பற்றியது. ஷோஷனா வீட்டார் யூதர்கள்; இயேசுவை வணங்காதவர்கள். மகள் அயலெட் அதைப் பாட மாட்டாள்.

போன வருஷம் அந்தப் பாட்டு வந்ததும், அவள் மட்டும் மேடையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஊரே பார்த்தது. வீடு போய்ச் சேரும்வரை காரில் அழுதாள்.

"அந்தப் பாட்டையே எடுத்துடுங்களேன்."

"நல்ல சங்கீதம், மிஸஸ் ஸெல்னிக். பிள்ளைங்க கத்துக்கட்டும். ஆனா யாரையும் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். பியானோ வாசிக்கிற வெண்டலுக்கு, பக்கம் திருப்ப நிஜமாவே ஓர் ஆள் வேணும்."

"நல்லா சமாளிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் ஷோஷனா.

கச்சேரி நாள். பத்தாவது பாட்டு. அயலெட் பியானோ பக்கத்தில் போய் நின்றாள். வாசித்தவர் வெண்டல், ரிடையர்டு தபால்காரர். அவர் தலையசைத்தபோதெல்லாம் சரியாகத் திருப்பினாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. முடிந்ததும் அவர் அவளையும் பக்கத்தில் நிறுத்திச் சபைக்குத் தலைவணங்க வைத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"நான் இல்லேன்னா மிஸ்டர் வெண்டல் திணறியிருப்பாராம்மா. அவரே சொன்னார்" என்றாள் அயலெட். சிரித்துக்கொண்டே தோழிகளோடு பிஸ்கட் மேஜைக்கு ஓடினாள்.

ஷோஷனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பியானோ மேல் கிடந்த இசைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெண்டலிடம் போனாள்.

"மறந்துட்டுப் போறீங்க சார். இன்னிக்கு என் பொண்ணு தலை நிமிர்ந்து நின்னா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நன்றியை டீச்சருக்குச் சொல்லுங்கம்மா, புத்தகமும் அவங்களோடதுதான். நான் நாப்பது வருஷமா சர்ச்சுல இந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாசிக்கிறேன்."